மலர்க்கொடி முதலில் கேட்கும் கேள்வி

மலர்க்கொடியிடம் அவசரம் என்று போய் நின்றால் போதும், அவள் இன்னும் நிதானமாகிவிடுவாள். எரிச்சல் வராதா பின்னே? ஆனால் குருபோங்கிலுள்ள மருந்துக் கம்பெனியின் நாற்பது லாரி ஆர்டர்களும் அவள் பார்க்கும் கிளஸ்டரில்தான் ஓடுகின்றன. பல கணினிகளை ஒன்றாகக் கட்டி மேய்க்கிற வேலை அது. நிஜ வேலைக்கு ஒரு கிளஸ்டர், சோதனைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கறுப்புத் திரை, ஒரே கட்டளைகள். எதில் நிற்கிறோம் என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோலாலம்பூரில் பார்த்த முதல் வேலையில் ஒருநாள், சோதனைக் கிளஸ்டர்தான் என்று நினைத்துக் கேட்காமல் அழித்தாள். அழிந்தது நிஜக் கிளஸ்டர். மறைக்காமல் ஒப்புக்கொண்டாள், மறுநாளே அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் சொந்த ஊர் லூபோக் சீனாவில், வீட்டில் சும்மா கிடந்தாள். அந்த அவமானம் லேசுப்பட்டதா? அதிலிருந்து எதை அழிப்பதற்கு முன்பும் எந்தக் கிளஸ்டரில் நிற்கிறோம் என்று கேட்கும் ‘கரண்ட் கான்டெக்ஸ்ட்’ கட்டளையைத் தட்டி, வருகிற பதிலை வாய்விட்டுப் படிப்பாள்.

“மலரு மந்திரம் ஓத ஆரம்பிச்சிட்டா லா!” என்று ஆபீஸே கிண்டலடிக்கும்.

போன வியாழக்கிழமை புது புரோகிராமைப் பார்க்க வாடிக்கையாளர்கள் மீட்டிங் அறையில் காத்திருந்தார்கள். மேனேஜர் நிவேந்திரன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவளை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

“பழசை அழிச்சிட்டுப் புதுசை ஏத்தும்மா. டெஸ்ட்லதான் இருக்கு, காலையில இதே கம்ப்யூட்டர்ல நானே பார்த்தேன். சீக்கிரம் லா!”

“ஒரு நிமிஷம் சார். கேட்டுக்கிறேன்.”

“நான்தான் சொல்றேன்ல? என் மேல நம்பிக்கை இல்லையா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. மலர்க்கொடி கடிதம் போனால் போகட்டும் என்று தட்டினாள். திரையில் வந்ததைச் சத்தமாகவே படித்தாள்.

“புரொடக்‌ஷன்.”

நிஜக் கிளஸ்டர்! காலையில் ஒரு ஆர்டரைப் பார்க்க நிஜத்துக்கு மாற்றிய மேனேஜரே திரும்ப மாற்ற மறந்திருக்கிறார். நிவேந்திரன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சோதனைக்கு மாற்றினாள், மறுபடி கேட்டாள், மறுபடி படித்தாள், பிறகே அழித்தாள். மொத்தம் இரண்டு நிமிடம்.

“எப்படிம்மா உனக்குத் தோணுச்சு?”

“தோணல சார். ஒருதடவை கேட்காம வேலையே போச்சு. இப்போ கேட்டுப் போனா போகட்டும்னு இருந்தேன்.”

மாலையில் கடிதம் கையெழுத்தோடு வந்தது. மறுநாள் காலை மேனேஜர் அறையிலிருந்து, திரையில் வந்த பதிலைப் படிக்கிற அவர் குரல் சத்தமாகக் கேட்டது: “டெஸ்ட்.”

ஆபீஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.