புடவை மடிப்பில் நான் ஒளித்து வைத்த ஒத்தவாக்கிய அகராதி

கர்த்தருக்குள் அன்பான உறவின்முறையாருக்கும், அக்காவை நேசித்த அனைவருக்கும் தோத்திரம்.

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. அக்கா உயிரோடு இருந்தபோதே எழுதி அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன். போய்ப் பார்த்தால் பால் பொங்கியிருக்காது. அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறையும் இந்தச் சமயத்தில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, விழுப்புரம் வந்து, "நினைவு மலருக்கு நீதாம்மா எழுதணும். வேதம் தெரிஞ்சவ நீதானே" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் குத்தி உட்கார வைத்தது. வேதம் தெரிந்தவள் நான் அல்ல. அப்படி ஒரு பேர் எனக்கு எப்படி வந்தது என்பதை நானேதான் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது கெடாரில். அப்பா சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிர் வைத்தவர். கொல்லையில் ஒரு துரவு, கல் கட்டாத பெரிய மண்கிணறு, இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் கையாலேயே வெட்டி, மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியது. எனக்கு ஆறு வயதில் நான் அதில் விழுந்தேன். அக்கா கயிற்றைப் பிடித்து இறங்கி என் தலைமயிரைப் பற்றித் தூக்கினார்கள்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அக்காவின் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. நான் எட்டாவது வரை போனேன். இந்த மூன்று வகுப்பு வித்தியாசத்தை அக்கா மறந்துவிட்டார்கள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்தார்கள். மாமாவுக்கு அரிசி மில்லில் வேலை. என்னை விழுப்புரத்தில், ரயில்வேயில் இருந்தவருக்குக் கொடுத்தார்கள். ஒரு சமயம் மாமாவுக்கு மில்லில் கை அடிபட்டு ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்கா மல்லாட்டை உடைக்கிற வேலைக்குப் போனார்கள். கூட உட்கார்ந்து உடைத்த பெண்கள்தான் பிற்பாடு வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வீட்டில் வேதம் படிக்கக் கூடினார்கள். தொடக்கத்தில் ஐந்தாறு பேர். பிறகு வாசல்வரை உட்கார்ந்தார்கள்.

நான் போகும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன். "அக்கா, இதுக்கு இன்னா அர்த்தம்?", "அக்கா, இது வேற எங்கியாச்சும் வருதா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். எட்டாவது படித்த என்னிடம் விழுப்புரத்தில் ஒருத்தரும் வந்து ஒரு வசனம் கேட்டதில்லை. வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு உண்மையாகவே எரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியும் அடங்காது.

எண்பதாம் வருஷம் வாக்கில், விழுப்புரத்தில் நடக்கிற கன்வென்ஷனில் புத்தகக் கடை போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அக்கா என்னிடம் ஒரு சீட்டும் பணமும் கொடுத்தார்கள். சீட்டில் முதலில் ஒத்தவாக்கிய அகராதி. ஒரு வார்த்தை வேதத்தில் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டுகிற புத்தகம் அது. இரண்டாவது புதிய மொழிபெயர்ப்பு. மூன்றாவது வேதாகமத் தேசப் படங்கள்.

"விளக்கவுரை எழுதலியே அக்கா? மூணு பாகம் இருக்குதாம், தலகாணி மாதிரி" என்றேன்.

"அது கடைசியா வாங்கிக்கலாம்டி. விளக்கவுரைய மொதல்ல படிச்சா, எழுதுனவரு யோசிச்சி முடிச்சததான் நாம படிப்போம். எந்த வார்த்த எங்க வருதுன்னு தெரிஞ்சா நாமே தேடிப் பார்க்கலாம். அப்புறம் அவரு இன்னா சொல்றாருன்னு கேட்டுக்கலாம்."

"புதுசு எதுக்கு? பழைய மொழிபெயர்ப்புதான் எல்லாருக்கும் மனசுல கீதே."

"பழசுதான் வாயில நிக்கும். ஆனா நம்ம பொம்பளைங்களுக்குச் சில இடம் வெளங்கல. ரெண்டையும் பக்கத்துல வெச்சிக்கினு படிச்சா வெளங்கும்."

ஐந்தாவது படித்தவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை.

கன்வென்ஷன் கடையில் ஒத்தவாக்கிய அகராதி ஒரே ஒரு பிரதி இருந்தது. கடைக்காரர், "கடைசி காப்பிங்கம்மா, ஜல்தியா சொல்லுங்க, அந்த ஐயாவும் கேக்கறாரு" என்றார். நான் என் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதை எனக்கு வாங்கிக்கொண்டேன். சீட்டில் இருந்த மற்ற இரண்டையும் அக்காவுக்கு வாங்கினேன். "அது தீர்ந்துபோச்சுக்கா" என்று சொல்லி மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"போவுது வுடு. கர்த்தர் எப்ப குடுக்கிறாரோ அப்ப" என்றார்கள். அந்தப் புத்தகம் அப்போது என் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்கு நடுவில் இருந்தது.

அதோடு விட்டேனா? பார்க்கிறவர்கள் மலைக்க வேண்டும் என்று மூன்று பாக விளக்கவுரையையும் தடிமனைப் பார்த்தே வாங்கி முன்னறையில் அடுக்கினேன். முதல் பாகத்தில் இருபது பக்கம் தாண்டவில்லை. அக்காவைப் போலவே புதிய மொழிபெயர்ப்பும் ஒன்று வாங்கினேன். வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்து வரும்போது, என் முறைக்குப் புதியதை எடுத்து வாசித்தேன். அடுத்து வாசிக்க வேண்டியவர்கள் எந்த இடம் என்று தெரியாமல் புரட்டினார்கள். மூலையில் இருந்த ஒரு பெரியம்மா, "இது எந்த ஊரு வேதம்மா? நம்ம ஊருது இல்லியே!" என்று கேட்கவும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திண்டிவனத்தில் அக்கா முதலில் எல்லாரையும் பழையதில் வாசித்து முடிக்கவிட்டு, அப்புறம்தான் புதியதைத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் செய்கிற மாதிரி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அகராதி கிடைக்காத அக்கா சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைப் பிரித்துத் தைத்து, தாங்களே வார்த்தைகளைத் தொகுக்க ஆரம்பித்தார்கள். சந்தேகம் வந்தால் எனக்கு ஒரு கார்டு போடுவார்கள். "இந்த வாரம் உப்பு படிக்கிறோம். உனக்கு ஞாபகம் வருகிற இடங்களை எழுது" என்று இருக்கும். நான் பீரோவைத் திறந்து, புத்தகத்தைப் பார்த்து, அதிகாரம் வசனத்தோடு வரிசையாக எழுதி மறுதபாலில் அனுப்புவேன். அக்கா அதை வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் வாசித்து, "என் தங்கச்சிக்கு வேதம் மனப்பாடம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் புகழ் எனக்கு இனித்தது. கூடவே ஒரு கசப்பும் இருந்தது. தங்கையைப் புகழ்கிற அக்கா என்று அவர்களுக்கல்லவா அதிலும் நல்ல பேர்!

ஒரு முறை நான் திண்டிவனம் போயிருந்தபோது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் எழுந்து, "தங்கச்சிம்மா, எங்க எதிர்லயே சொல்லுங்க. கெணறு வேதத்துல எங்கெங்க வருது?" என்றாள். இன்னொருத்தி, "ஆமா, கார்டுல கேட்டது போதும், நேர்ல கேப்போம்" என்றாள். எனக்கு ஒரு இடமும் வாயில் வரவில்லை. தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா உடனே, "பஸ்ஸுல நின்னுக்கினே வந்திருக்கா, பாவம். அவள வுடுங்கடி. ஊருக்குப் போயி எழுதி அனுப்புவா" என்று என்னை உள்ளே அனுப்பிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் "கிணறு" என்ற தலைப்பில் இருந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அக்காவிடமிருந்து கார்டே வரவில்லை. அக்காவுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. பிறகு கார்டுகள் பழையபடி வர ஆரம்பித்தன.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டு, டாக்டரைப் பார்க்க விழுப்புரம் வந்து என் வீட்டில் தங்கினார்கள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர், கள்ளமில்லாமல், "அக்கா சும்மா படுத்துக்கினு இருக்காங்களே, நீ கார்டு எழுத எடுப்பியே அந்தத் தடி புக்கு, அதக் குடேன். அத ஏன் பொடவைக்குள்ள சொருவி வெச்சிருக்க?" என்றார்.

"எடுத்துக்கினு வாடி" என்றார்கள் அக்கா.

கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா நேராகக் கிணறு இருக்கிற பக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தார்கள்.

"உன் கார்டுல இருந்த அதே வரிசதான்."

"அக்கா..."

"நம்ம அப்பா கொல்லையில இருந்தது இன்னாடி?"

"துரவு."

"நீ வுழுந்தது எதுல?"

"துரவுலதான்."

"கெணறுன்னு கேட்டா உனக்குத் துரவு ஞாபகம் வராம இருக்குமா? ஆதியாகமத்துல ஈசாக்கு வெட்டுனாரே, அந்தத் துரவுல ஒண்ணுகூட உன் கார்டுல இல்ல. மனசுலேர்ந்து எழுதறவ தண்ணியத்தான் நெனப்பா. புக்கப் பார்த்து எழுதறவதான் வார்த்தையோட நிப்பா. அன்னைக்கே தெரிஞ்சிபோச்சு. எந்தப் புக்குன்னும் தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சிக்கினு ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. எதுக்குப் பேஜாரு?"

"கோவம் வரலியா?"

"வராம? ஆறு மாசம் உனக்குக் கார்டு போட்டேனா நானு?"

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். "நீயே எடுத்துக்கினு போக்கா" என்றேன்.

"வாணாம். எனக்குத்தான் நோட்டு இருக்குதே. பேனாவக் குடு. இதுல விட்டுப்போனது நெறைய கீது, எழுதிட்டுப் போறேன். உனக்கு ஆவும்."

பையில் கொண்டுவந்திருந்த நோட்டுகளைப் பார்த்து, நான்கு நாள் அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் துரவையும், துரவுக்குப் பக்கத்தில் ஊற்றையும் எழுதினார்கள். ஒரு வார்த்தையைத் தேடுகிறவர்களுக்கு அதன் இனத்தாரும் கூடவே கிடைக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படித்த நான் விலை கொடுத்து வாங்கி ஒளித்து வைத்த அச்சுப் புத்தகத்துக்கு, ஐந்தாவது படித்த அக்காவின் நோட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. மன்னிப்பதிலும் என்னை முந்திக்கொண்டார்களே என்று வந்தது.

புறப்படும்போது, "இனிமேலாச்சும் எனக்கு மனப்பாடம்னு சொல்லாதக்கா" என்றேன்.

"நான் நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது? உனக்கு எப்ப வாய் வருதோ, நீயே சொல்லு."

எனக்கு வாய் வரவில்லை. கடைசி நாட்களில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அக்காவோடு பதினோரு நாள் இருந்தேன். திண்டிவனத்துப் பெண்கள் வேனில் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார்கள். இதுதான் சமயம் என்று எனக்கும் தெரிந்தது. எழுந்து, எல்லாருக்கும் காப்பி வாங்கி வருகிறேன் என்று சொல்லி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெண்கள் போயிருந்தார்கள். அக்கா, "காப்பி ஆறிப்போறதுக்குள்ள நீ குடி" என்றார்கள். மறுநாள் நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலை கர்த்தரிடம் சேர்ந்தார்கள்.

அடக்க ஆராதனையில் போதகர் ஐயா, "வேதத்தை நெஞ்சில் எழுதி வைத்திருக்கும் தங்கையை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்" என்று பிரசங்கித்தார். நான் தலை குனிந்தேன். அது என் தன்னடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஐயா மேல் குற்றமில்லை. அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார்.

அக்காவை இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், நர்சுகள், ரத்தம் கொடுத்த மில் தொழிலாளர்கள், ஒரு வாரம் சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், திண்டிவனம், விழுப்புரம் சபையார், கெடாரிலிருந்து வந்த சொந்தங்கள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இன்றுவரை விடாமல் நடத்துகிற பெண்கள், எல்லாருக்கும் மாமா பேரிலும் பிள்ளைகள் பேரிலும் நன்றி சொல்கிறேன். அக்கா எழுதிய ஒன்பது நோட்டுகளும் மாமாவிடம் இருக்கின்றன. வேதம் படிக்க எந்தப் புத்தகம் வாங்குவது என்று தயங்குகிறவர்கள் அதை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் புத்தகத்தையும் அந்த நோட்டுகளோடு வைத்துவிட்டேன். ஓரத்தில் இருக்கும் கையெழுத்து அக்காவுடையது.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலர் போய்ச் சேராத வீடுகளிலும் இதை வாயால் சொல்லுங்கள். அங்கே யாராவது, "அவங்க தங்கச்சிக்கு வேதம் மனப்பாடமாமே" என்று கேட்டால், இல்லை, அக்காவுக்குக் கிடைக்காமல் செய்த புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினாள் என்று சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அக்காவைப் பெரிதாக்க எதையும் கூட்டவும் வேண்டாம். அந்த ஆறு மாதக் கோபத்தையும் விடாமல் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விழுப்புரத்துத் தங்கை