மேட்ச் பாயிண்ட்டில் திருச்சுழி பஸ்

அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் உலகத் தரவரிசையின் அடிவாரத்தில் கிடக்கிற இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேருடைய சங்கதி எனக்கு அத்துப்படி. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்தவன், முதல் சுற்றைத் தாண்டாத இடக்கைக்காரன், செலவு மிச்சம் பிடிக்க ஒரே லாட்ஜ் அறையில் தங்கி மறுநாள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் இரண்டு பேர். துனிசியாவிலும் துருக்கியிலும் ஆளே இல்லாத மைதானங்களில் ஆடுவார்கள். டிவியில் வராது. போனில் எண்கள் மட்டும் மாறும். அதைப் பார்த்துத்தான் எனக்கு வேர்க்கும்.

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவள் மகள். அவள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கவனிப்பில் ஒரு பெரியவர் இருந்தார். குழாய் வேலை பார்த்தவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், கை இரண்டும் நடுங்கும், போனைப் பிடிக்க முடியாது. அவருடைய ஒரே மகன் இந்த அடிவாரக் கூட்டத்தில் ஒருவன். ஆட்டம் என்ன ஆச்சு என்று பெரியவர் என் மகளைக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். அவளோ வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். டீ குடிக்க விடும்போதுதான் எடுக்கலாம்.

"அப்பா, நீங்க கடையில சும்மாதான உக்காந்திருக்கீக. ஸ்கோரப் பாத்து அனுப்பி வைங்களேன்" என்றாள்.

சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று மகள் சொன்னதை இன்றுவரை மனைவி நினைவூட்டத் தவறுவதில்லை.

இப்படித்தான் ஒன்றரை வருஷம் போனது. பக்கத்து டீக்கடைக்காரனுக்கு விஷயம் தெரிந்து, அந்தப் பையனுக்கு 'மருமகன்' என்றே பேர் வைத்துவிட்டான். "ஏலே, மருமகன் இன்னைக்கு எந்த ஊருல தோக்கான்?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். அவனை நான் திட்டுவேன். பையன் தோற்றுத்தான் இருப்பான், அது வேறு விஷயம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் இறுகிவிட்டால் பார்க்க மாட்டேன். நான் பார்த்தால் அவன் தோற்பான் என்று ஒரு கணக்கு. போனைச் சட்டைப்பையில் போட்டால் கை தானாக எடுத்துவிடும். அதனால் கடைக்கு எதிரே நிற்கும் திருச்சுழி பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஊர் தாண்டினால் இருபுறமும் கருவேலங்காடு, போனில் டவர் இருக்காது. திருச்சுழியில் இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தைரியமாகப் பார்ப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். மனைவி சொல்வாள்: "பந்து அடிக்கிறவனே தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கான். இவுக டிக்கெட் எடுத்து ஓடுறாக."

மகள் இதை அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். மகன் சிறுவனாக ஆடும்போது அவரும் இப்படித்தானாம். ஆட்டம் இறுகினால் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிடுவாராம். அன்றிலிருந்து ஸ்கோரோடு சேர்த்து, "உங்கப்பா பஸ்ஸுல ஏறினாரா?" என்றும் கேட்பார்.

போன தை மாதம் பெரியவர் படுத்துவிட்டார். இரண்டு மூன்று நாள் தாங்குவார் என்றார்கள். மகன் அப்போது துனிசியாவில் இருந்தான்.

"அவன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாருப்பா" என்றாள் மகள். "ஆடிக்கிட்டு இருக்கும்போது கூப்பிடக் கூடாதாம். தோத்துட்டு அவனா வீட்டுக்கு வரட்டும்ங்காரு."

"தோத்தா வந்துருவானா?"

"ராத்திரியே பிளைட்டு ஏறிருவான். எப்பவும் அப்படித்தான்."

ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக அவன் தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உடைத்த கையோடு வந்து உட்கார்ந்து போனைத் திறந்தால் பையன் முதல் செட்டை ஜெயித்துவிட்டான். தோற்கச் சொன்னால் அன்றைக்கென்று பார்த்து ஆடுகிறான். இரண்டாவது போனது. மூன்றாவதில் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே போச்சு. நான் வேண்டியதும் அதுதானே? ஆனால் 'விட்றாதடா' என்று வாய் முணுமுணுக்கிறது. எதிரே பஸ்ஸில் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். என்ன நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை, ஏறிவிட்டேன்.

கருவேலங்காட்டுக்குள் போகும்போதுதான் உறைத்தது. அது மகள் டீ குடிக்கும் நேரம். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். "அண்ணே, கை போயிரும்" என்றார் கண்டக்டர்.

திருச்சுழியில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு மேட்ச் பாயிண்ட்டைத் தடுத்துப் பையன் ஜெயித்திருந்தான். 'ஜெயிச்சுட்டான்' என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் அவள் பார்க்கவில்லை. நான் வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. பதில் இல்லை. நேரத்துக்கு அனுப்பவில்லை என்று கோபம் என நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவனுடைய அடுத்த ஆட்டத்தைத் திறந்தேன். புள்ளிகள் எதுவும் இல்லை. எதிராளி பேருக்கு நேராக 'வாக்ஓவர்' என்று மட்டும் போட்டிருந்தது. ஆடாமலேயே விட்டுக்கொடுத்திருக்கிறான். ஸ்பேனர் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று பிறகு சாயங்காலம் வரை தேடினேன்.

மகள் கூப்பிட்டாள். "உங்க மெசேஜப் பாக்குறதுக்கு முன்னாடியே போயிட்டாருப்பா."

"கேட்டாராம்மா?"

"டீ டயத்துல போயிட்டு வந்தேன்ல, அப்பக் கேட்டாரு. மெசேஜ் வரலன்னேன்."

"ஜெயிச்சுட்டான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தோக்கணும்னுதான காத்துக்கிட்டு இருந்தாரு? எதச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா. ஆனா சிரிச்சாரு. 'உங்கப்பா பஸ்ஸுல ஏறிட்டாரு போல. அப்ப ஆட்டம் இன்னும் முடியல'ன்னாரு."

நான் ஏதோ ஜோக் அடிக்கப் பார்த்தேன். பிறகு ஸ்பேனரைத் தேடப் போனேன்.

மாசி கழிந்து பையன் மறுபடி ஆட வந்தான். துருக்கியில், முதல் சுற்று. மூன்றாவது செட்டில் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். எதிரே பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "அண்ணே, வரலியா?" என்றார்.

"நீ போப்பா" என்றேன்.

கல்லாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தோற்றுப்போனான். மகளுக்கு டீ நேரம். அங்கே இப்போது கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் 'தோத்துட்டான்' என்று தட்டி அனுப்பினேன். உடனே இரண்டு டிக்கும் நீலமாகின.

'சரிப்பா' என்று வந்தது. கொஞ்சம் கழித்து, 'பஸ்ஸுல ஏறலியா?'