விட்டுட்டேன்

ஹசீனாவுக்கு அந்த மழைக்காலம் முழுக்க ஒரே வேலை: செத்து விழும் மெஷினை மறுபடி எழுப்புவது. களமசேரிக் கம்பெனியில் நெட்வொர்க் கார்டை இயக்கும் லினக்ஸ் டிரைவர் நிரல் எழுதினாள். கூட வேலைசெய்த அஜீஷும் அவளைப்போல மட்டாஞ்சேரித் தமிழன்தான்.

கடைசியில் காரணம் கிடைத்தது. அனுப்பி முடித்த பாக்கெட்டின் பஃபரை, அது பிடித்திருந்த மெமரி இடத்தை, இருவருமே ஆளுக்கொரு வரி எழுதி விடுவித்திருந்தார்கள். ஒரே பஃபரை இரண்டு தடவை விடுவித்தால் லினக்ஸின் மையமான கெர்னல் சாகாமல் என்ன செய்யும்?

“நான் விட்டுட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?” என்று எரிந்து விழுந்தாள்.

“எழுதாம விட்டுட்டீங்கன்னு நினைச்சேன் இத்தா. அதான் நான் எழுதினேன்” என்றான் அஜீஷ். அக்கா என்பதற்கு அவனுக்கு ‘இத்தா’தான்.

ஆறிப்போன சாயாவைத் தள்ளிவைத்து, தன் வரியை அழித்துவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் மெஷின் சாகவில்லை. எந்த பஃபரும் விடுவிக்கப்படாமல் மெமரி நிரம்பித் திணறிக்கொண்டிருந்தது. அஜீஷும் தன் வரியை அழித்திருந்தான்.

“இத்தா விடுவீங்கன்னு நான் விட்டுட்டேன்” என்றான்.