படத்தில் ஒரு வீடு, விளக்கில்லாமல்

முதியோர் சங்கத்தோடு ஓவியக் கூடம் பார்க்கப் போக எனக்கு விருப்பமே இருக்கவில்லை. என் மனுசன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, இருட்ட முன்னர் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அவர் இருந்தபோது வேலையால் வீட்டுக்கு எனக்கு முதலே வந்துவிடுவார். மைம்மல் பொழுதில் வீடு இருண்டு கிடக்கக்கூடாது என்று எல்லா லைற்றையும் போட்டு வைப்பார். கரண்ட் காசுக்கு நான் கத்தினாலும் சிரிப்பார். பஸ்ஸால் இறங்கி அண்ணாந்து பார்த்தால் ஏழாம் மாடியில் எங்கள் யன்னல் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த யன்னலை இருட்டாகப் பார்க்க எனக்கு நெஞ்சில் பலமில்லை. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் மகளிடமும் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம் என்று சங்கத் தலைவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால்தான் போனேன்.

அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணெய் வர்ணப் படம் ஒன்று. ஏதோ ஐரோப்பியக் கிராமம். பொழுது படுகிறது. ஈரப் பாதையில் ஒருவன் மாடுகளை வீட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகிறான். மரங்களுக்குப் பின்னால் சின்ன வீடு. விளக்கம் சொல்ல வந்தவள் இந்த நாட்டிலேயே பிறந்த எங்கட தமிழ்ப் பிள்ளை. என்ன தெரிகிறது என்று கேட்டாள். எல்லாரும் அமைதி, வடிவு என்றார்கள்.

"உந்த வீட்டில பொம்பிளை இல்லை," என்றேன் நான்.

"ஏன், அன்ரி?"

"மாடு திரும்பிற நேரமாச்சு, இன்னும் விளக்கு வைக்கேல்லை. உள்ள ஆளிருந்தா உப்பிடி விடுவினமே?"

"இல்லை அன்ரி, ஸ்கையைக் காட்டத்தான் ஆர்ட்டிஸ்ட் வீட்டை டார்க்கா விட்டிருக்கிறார்."

"வானத்தைக் காட்டட்டும். உந்த மனுசன் என்னத்தைப் பாத்துக்கொண்டு வீட்டை போறது?"

சண்டைக்கே போய்விட்டேன். பாவம், பிள்ளை அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

திரும்பும்போது நாசமாய்ப் போன பனியும் ட்ரபிக்கும். நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதிக்கு வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. நிலத்தையே பார்த்து நடந்தேன். கண் கேட்டால்தானே! அண்ணாந்தேன்.

எங்கள் யன்னலில் வெளிச்சம்.

ஓடினேன். இந்த வயதில், அந்தப் பனியில். எலிவேற்றர் பொத்தானைக் குத்திக் குத்தி அமத்தி, அது வந்ததும் பாய்ந்து ஏறினேன். மனுசன் வந்திட்டார் என்பதைத் தவிர வேறொன்றும் தலைக்குள் இல்லை. கதவைத் திறந்து, "இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன்.

மூலையில் மேசை விளக்கு எரிந்தது. அதன் வயர் சுவரில் ஒரு புதுப் பெட்டிக்குள் போயிருந்தது. கைப்பையில் போன் அடித்தது. மகள்.

"அம்மா, லைற் பத்தினதே? மத்தியானம் வந்து டைமர் பூட்டினனான். இனி நீங்க இருட்டைப் பாக்கத் தேவையில்லை."

"ஓம் பிள்ளை, பத்தினது."

"ஏன் அம்மா இப்பிடி மூச்சு வாங்குது?"

"எலிவேற்றர் பழுது, பிள்ளை," என்றேன்.