முகாமில் நான் எடுத்த படங்கள்

போன வருடம் ஜனவரி, பள்ளி விடுமுறை. சிட்னி டூங்கபியில் ஒரு மண்டபத்தில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில தொண்டர்கள் சேர்ந்து ஐந்து நாள் கோடை முகாம் நடத்தினோம். சமையலை ஒருவர் பார்க்க, விளையாட்டை இன்னொருவர் பார்க்க, படம் எடுப்பது என் பொறுப்பு. கேட்கவா வேண்டும்! சாப்பிடும்போது, சாயம் பூசும்போது, தூங்கி விழும்போது என்று ஒன்றையும் விடவில்லை. தினமும் மாலையில், "கஷ்டப்படும் பிள்ளைகளின் முகத்தில் புன்னகை" என்று எழுதி முகநூலில் போட்டுவிடுவேன். பாராட்டு வந்து குவியும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள் புதிய பள்ளிக்கூடப் பைகள் கொடுத்தோம். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஒரு பத்து வயதுச் சிறுமியின் பெயரைக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். ஐந்து நாளும் முகாமையே கலகலப்பாக்கிய பிள்ளை. தேடிப் போனால், கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள்.

"வெளியில வாங்கோ பிள்ளை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம்" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"எனக்கு பேக் வேண்டாம் அன்ரி."

அவளுடைய பழைய பையின் சிப் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்ததை நானே பார்த்திருந்தேன். "ஏனம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க பேஸ்புக்கில போடுவீங்க. நேற்றைய படத்தை அம்மா காட்டினவ. என்ர கிளாஸ் பிள்ளையளின்ர அம்மாமாரும் பார்ப்பினம். நாங்க கஷ்டம் எண்டு ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு, "உங்கட மகளின்ர படத்தையும் இப்பிடிப் போடுவீங்களோ?" என்றாள்.

பிள்ளையின் படத்தை வெளியிடலாமா என்று கேட்டு, பள்ளியில் வருடா வருடம் ஒரு படிவம் தருவார்கள். என் மகளுக்கு நான் ஒருதடவைகூடச் சம்மதித்ததில்லை. இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை!

கதவருகே தரையில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் அழிக்கிறன் பிள்ளை" என்று சொல்லி, போட்ட படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாக அழித்தேன். அவள் மெதுவாக வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இதிலயும் நான் நிக்கிறன் அன்ரி" என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தாள். பைகளை வாசலோரம் ஒரு மேசையில் அடுக்கினோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அவளும் ஊதா நிறப் பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிப் போனாள்.

அவள் வகுப்பில் யாராவது நான் அழிக்கும் முன்பே படங்களைப் பார்த்துவிட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்றதை அடுத்தவர் பிள்ளைக்குச் செய்துவிட்டு, அதைச் சேவை என்று நினைத்திருந்தேனே, அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.