பதினெட்டு கிலோ

எட்டாம் நம்பர் பேருந்தை ஓட்டி வந்த அந்தப் பெண்ணுக்கு நாற்பத்துநான்கு வயதுவரை நீந்தத் தெரியாது. சைக்கிளைத் தொட்டு இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. ஓட்டம் என்றால், கையெழுத்துப் போட நேரமாகிவிட்ட நாட்களில் பணிமனை வாசலிலிருந்து அலுவலக அறைவரை ஓடுகிற ஓட்டம்தான். அதற்கே அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும். பதினாறு வருடம் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து கழித்த உடம்பு. பணிமனையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் 'எட்டாம் நம்பர் அக்கா'.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஆண்டில் மூன்று ட்ரையத்லான் பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்தாள். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை நிறுத்தியதும் ஓட்டம். நடுவே ஓய்வு கிடையாது, குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பதக்க ஆசையில் அவள் அதில் இறங்கவில்லை. அவளுடைய தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோயிருந்தன.

தம்பி அவளைவிட ஏழு வயது இளையவன். பள்ளியில் கணக்கு வாத்தியார், கல்யாணம் ஆகாதவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்கா வீட்டு மாடியறைக்கு வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். வாரத்தில் மூன்று நாள் பள்ளி விட்டதும் நேராக மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தோடு படுத்திருப்பான். ஊசி ஏறி ஏறி இடது கையில் நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும். வாய் மட்டும் ஓயாது. "இங்க நர்ஸம்மா எல்லாம் நம்ம கணக்குல வீக். எவ்வளவு தண்ணி குடிச்சேன்னு கேட்டா பாதிதான் சொல்றேன், நம்பிடுறாங்க" என்பான்.

அக்காவின் ரத்தம் பொருந்தியது. மற்றதும் பொருந்தியது. சிறுநீரக மருத்துவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள், எல்லாக் காகிதங்களையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா உங்க எடை தொண்ணூத்தி நாலு. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. இந்த உடம்புலேருந்து ஒரு கிட்னியை எடுத்தா, பத்து வருஷத்துல நீங்களும் பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பீங்க."

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?"

"பதினெட்டு கிலோ. ஒரு வருஷம் எடுத்துக்குங்க. அவசரப்பட வேண்டாம்."

"அவன் தாங்குவானா, ஒரு வருஷம்?"

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தாங்கணும்" என்றார் கடைசியில்.

இரண்டு மாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பார்த்தாள். குறைந்தது ஒன்றரை கிலோ. பேருந்து நெரிசலில் சிக்கி ஒரு மணி நேரம் தாமதமாகப் பணிமனைக்கு வந்தால், பசி தாங்க முடியாது. கண்ணில் பட்டதை எல்லாம் தின்றுவிடுவாள். தின்றுவிட்டு அழுவாள். அப்போதுதான் பணிமனை மெக்கானிக் பேச்சைத் தொடங்கினார். எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்றாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பவர் என்பதால் அவருக்குச் 'சுத்தியல்' என்று பெயர். ஐம்பது வயதிலும் பந்தயங்களுக்குப் போய்வருகிறவர்.

"காலையில நடக்கிறேன் நடக்கிறேன்னு சொல்லிட்டு நிறுத்திட்டா உங்களை யாரு கேக்கப் போறா? பந்தயத்துக்குப் பேர் குடுத்துடுங்க அக்கா. தேதி வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துக்கும். அப்புறம் தூக்கம் வராது, சோறு இறங்காது."

"எனக்கு நீச்சலே தெரியாதே சுத்தியல்."

"தெரிஞ்சுக்கிட்டா பிறந்தோம்?"

நகராட்சி நீச்சல் குளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டாள். முடிதிருத்தகம் வைத்திருந்த கணவர் அதிகாலையில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கரையில் குந்தியிருப்பார். முதல் வாரம் அவள் தண்ணீரில் போட்ட கூத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் அவர் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பந்தயம் ஒரு ஏரியில். முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும். ஊதல் ஊதியதும் முந்நூறு பேர் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். யாருடைய குதிகாலோ மூக்கில் இடித்தது. அவள் பாதுகாப்புப் படகைப் பிடித்துத் தொங்கினாள். "வந்துடுறீங்களாம்மா?" என்று படகுக்காரர் கை நீட்டினார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மூச்சு சீரானதும் படகை விட்டு மறுபடி நீந்தினாள். எல்லாருக்கும் கடைசியில் கரையேறி, எல்லாருக்கும் கடைசியில் முடித்தாள். முடிவுக்கோட்டில் துணிப்பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளுக்காக ஒரு நிமிடம் சுருட்டுவதை நிறுத்தினார்கள். வீட்டு எடைப்பொறி எண்பத்தெட்டு காட்டியது.

அன்றைக்குத் தம்பி மாடியிலிருந்து இறங்கிவந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நல்லா இருக்கேக்கா. ஆனா எனக்காக ஓடாதே. உனக்காக ஓடு. கிட்னி எல்லாம் நான் கேக்கலை."

"நீ கேட்டாத்தான் குடுப்பேனா? போடா."

இரண்டாவது பந்தயத்துக்குள் நிலைமை மோசமாகிவிட்டது. தம்பிக்கு நுரையீரலில் நீர் கோத்து, ஒருநாள் மதியம் வகுப்பறையிலேயே மூச்சுத் திணறி விழுந்தான். இதயமும் களைத்துப்போகிறது என்றார் மருத்துவர். பந்தயத்தன்று மழை. வளைவில் சைக்கிள் வழுக்கி, தோளிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்தது. எழுந்து மிதித்தாள். ஓட்டத்தில் பாதியில் பந்தய அலுவலர் ஒருவர் குறுக்கே வந்து, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் பதியும் பட்டையைக் கழற்றிக்கொண்டார். அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுத்தியல் பந்தயத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பந்தயம் போனா போகட்டும் அக்கா. எடைதானே நமக்கு முக்கியம்?"

"எண்பத்தி மூணு. இன்னும் ஏழு இருக்கு. அவனுக்கு அவ்வளவு நாள் இல்லை சுத்தியல்."

அதற்குப் பிறகு அவள் யார் சொல்லையும் கேட்கவில்லை. வண்டி ஓட்டிவிட்டு வந்து ஓடினாள். ஓடிவிட்டு வந்து வண்டி ஓட்டினாள். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டாள். ஒன்று கேட்கவில்லை என்றால் இரண்டு. கணவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். "நீ படுத்துட்டா அவனையும் சேர்த்து யாரு பாத்துக்குவா?" என்றார். "பத்து நாள்ல, கிட்னி குடுக்க முடியுமான்னு டெஸ்ட். அதுவரைக்கும் பேசாதீங்க" என்றாள்.

மூன்றாவது பந்தயம் நீளமானது. ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம். எண்பதாக இருந்த எடை பந்தயத்தோடு இன்னும் இரண்டாவது இறங்கும் என்று கணக்குப் போட்டாள். அதற்காக முந்தின நாளே தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொண்டாள். காலையில் மூன்று மாத்திரை. வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் தண்ணீர்க் கோப்பை நீட்டியவர்களைக் கையசைத்துக் கடந்தாள். கடைசி இரண்டு கிலோமீட்டர் அவளுக்கு நினைவில்லை. முடித்தாள், நேரத்துக்குள் முடித்தாள். கழுத்தில் பதக்கத்தை மாட்டியபோது யார் மாட்டுகிறார்கள் என்று தெரியாமல் சிரித்தாள்.

மறுநாள் காலை சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் டெஸ்ட் தேதி தள்ளிப்போகும். வேலைக்குக் கிளம்பினாள். பணிமனையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதிக்கப் பார்த்தால் கால் இறங்கவில்லை. தொடை கல்லாக இருந்தது. கையால் முழங்காலை அழுத்தி மிதிக்க முயன்றுகொண்டிருந்தவளைச் சுத்தியல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கதவைத் திறந்து அவளை இறக்கி, நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மருத்துவரின் முகம் சிவந்துவிட்டது. "தசை கிழிஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியைப் போய் அடைச்சிருக்கு. தண்ணி இல்லாம, அது மேல வலி மாத்திரை. நல்லா இருந்த கிட்னியை நீங்களே அடிச்சிருக்கீங்க. நான் அவசரப்படாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சேதி கேட்டு, கையில் ஊசிக்கட்டோடு தம்பி மேல்மாடி டயாலிசிஸ் பகுதியிலிருந்து இறங்கி வந்தான். கட்டிலருகே வந்து நின்றான்.

"எனக்குக் குடுக்க வந்தியா, துணைக்கு வந்தியா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மன்னிச்சுக்கடா" என்றாள்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே. விடுக்கா" என்று போர்வையை இழுத்துவிட்டான்.

ஒரு வாரம் பாட்டில் பாட்டிலாக மருந்து நீர் ஏற்றினார்கள். எந்திரத்தில் போடும் அளவுக்குப் போகாமல் தப்பித்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி பரிசோதனை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஆறு மாதமும் அவள் மருத்துவர் சொன்னபடி கேட்டாள். வேளைக்குச் சாப்பிட்டாள், அளந்து தண்ணீர் குடித்தாள், கணவரோடு நடந்தாள். எடை எழுபத்தைந்துக்கு வந்து நின்றது. சர்க்கரையும் இறங்கிவிட்டது. தம்பியின் பெயர் இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவோர் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தது.

பரிசோதனை முடிந்து மருத்துவர்கள் குழு கூடியது. அந்த அம்மாள் இந்த முறை கோபப்படவில்லை; நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க கிட்னி நல்லாவே தேறியிருக்கு. ஆனா இன்னும் யூரின்ல கொஞ்சம் புரதம் ஒழுகுது. இதுல ஒண்ணை எடுக்க நாங்க யாரும் ஒத்துக்க மாட்டோம்."

"இன்னும் ஆறு மாசம் இருந்தா?"

"இல்லம்மா. முடிவு பண்ணிட்டோம்."

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். படியேறிப் போனாள். தம்பி ஜன்னலோரக் கட்டிலில் எந்திரத்தோடு படுத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது கிண்டல் சொல்லப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தான். அப்பா அம்மா சாவிலும் அழாதவனின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, உன்னைத்தான்க்கா நம்பியிருந்தேன்" என்றான்.

ஊசி ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அன்றைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. அது முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.