மாலை போட்ட பெட்டி

நான் பதினோரு வருடம் காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். விசிட்டிங் கார்டில் ‘சீனியர் எக்ஸிக்யூட்டிவ், இம்போர்ட்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி என் மாமனார் பெண் கொடுத்தார். பிறகு நாங்கள் இருவருமே அந்த கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பெங்களூரு விமான நிலையம் அப்போது ஊருக்குள்ளேயே இருந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அதன் சரக்குப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை பார்த்த களைப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலி. வெளிநாட்டுச் சரக்கை அரசாங்கத்தின் கையிலிருந்து பிடுங்கி உரியவரிடம் சேர்க்கும் கம்பெனி எங்களுடையது. பிடுங்குவதற்கு முன்னால் உட்கார வேண்டும். என் வாழ்க்கையில் நான் படித்த தடித்த புத்தகங்களில் பாதியை அந்த நாற்காலியில்தான் படித்தேன். ஒரு ரஷ்ய நாவலை, ஒரே ஒரு மரச் சரக்குக்காகக் காத்திருந்ததில் முடித்திருக்கிறேன். முடித்தபோதும் மரம் வெளியே வரவில்லை.

கல்லூரியில் தாவரவியல் படித்து மூன்றாம் வகுப்பில் தேறியவன் என்பதால் பச்சையாக எது வந்தாலும் என் தலையில் கட்டினார் முதலாளி. விதை, கிழங்கு, நாற்று, பருப்பு மூட்டை, மரக்கட்டை. நாடு கதவைத் திறந்துவிட்ட புதிது. ஓசூர் சாலையிலும் ஆனேக்கல் பக்கமும் பாலிஹவுஸ்கள், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டங்கள், முளைத்துக்கொண்டிருந்தன. ஆளாளுக்கு ஹாலந்திலிருந்து செடி இறக்கினார்கள். அப்படி வரும் செடியோடு, ‘இதில் பூச்சியும் நோயும் இல்லை’ என்று அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த சான்றிதழும் வரும். நம் அரசாங்கம் அதைப் படித்துவிட்டு, நம்பாமல், பெட்டியைத் திறந்து பார்க்கும். அதற்குத்தான் பிளான்ட் குவாரண்டைன் அதிகாரி.

எங்கள் அதிகாரி ஒரு அம்மாள். கன்னடக்காரர், ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்ததால் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அவருடைய ஆயுதங்கள் மூன்று: ஒரு வெள்ளைத் தாள், ஒரு லென்ஸ், ஒரு மெல்லிய தூரிகை. செடியைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுவார். தாளில் விழுந்தது அசையாமல் கிடந்தால் தூசி, நான் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் பூச்சி. எல்லா அலுவலகத்திலும் ஏதாவது அசைய வேண்டுமே என்று காத்திருப்பார்கள். எதுவும் அசையக் கூடாது என்று நான் காத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தங்க வயலில் சுரங்கத்தை மூடி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. அங்கே முப்பது வருடம் பூமிக்கு அடியில் வேலை பார்த்த ஒருவர், வேலை போனபோது வந்த பணம் முழுவதையும் ஆனேக்கல் பக்கத்தில் மனைவி வீட்டு நிலத்தில் பாலிஹவுஸாக நட்டுவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் நின்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார். ஜெர்பரா பூவின் நாற்று நாலாயிரம், ஹாலந்திலிருந்து. இங்கேயே கிடைக்குமே என்று கேட்டேன்.

“கெடைக்குது சார். கம்பெனிக்காரன் சொன்னான், அங்கேர்ந்து வந்தா தண்டு நீளமாம். ஓட்டல்காரங்க அதத்தான் கேக்கறாங்களாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுவும் இல்லாம, நான் எங்கியும் போனதில்ல. செடியாவது பிளேன்ல வரட்டும்.”

சரக்கு வந்த காலையில் அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். ஊர் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கிய செவ்வந்தி மாலை, மஞ்சளும் வெள்ளையும் கலந்து, ஈரம் சொட்டச் சொட்ட. பாஸ் இருப்பவன் மட்டும்தான் உள்ளே போகலாம். பாஸ் என் கழுத்தில் தொங்கியது.

“மொதப் பெட்டி மேல வெச்சிட்டு எடுத்துடுங்க சார். ரெண்டே நிமிசம்.”

“அண்ணா, உள்ளே பூஜையெல்லாம் கூடாது.”

“பூஜையா கேக்கறேன்? மாலைதானே. சுரங்கத்துல ஒரு மிஷின் எறங்கணும்னாலும் மாலை போட்டுதான் எறக்குவோம். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அப்படித்தான். போடாம எறக்கினது எதுவும் உருப்பட்டதில்ல.”

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றிக் கல்லூரி நாட்களில் மேடையில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் நாற்பது வயதில், காலை ஒன்பது மணிக்கு, இரண்டு பஸ் மாறி வந்தவனுக்குக் கொள்கையைவிட முட்டிவலி பெரிது. அவரோடு வாதாட பத்து நிமிடம் ஆகும், மாலை போட அரை நிமிடம். வாங்கிக்கொண்டு போனேன். அடுக்கின் உச்சியில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். பெட்டியின் பக்கங்களில் காற்றுக்காகக் கட்டைவிரல் அளவு ஓட்டைகள். மாலை இரண்டு பக்கமும் அழகாகத் தொங்கி அவற்றில் இரண்டை மூடியது. அப்போது அது கண்ணுக்கு நன்றாகவே இருந்தது.

பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரிக்கு வேறொரு பருப்புச் சரக்கில் வேலை வந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். நல்ல புத்தகம். அதில் ஒரு பிரபு தன் சொத்தை எப்படிக் கவனக்குறைவால் இழந்தான் என்று விரிவாக வந்தது. அவனுடைய முட்டாள்தனத்தை நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த மாலை பெட்டியின் மேலேயே மூன்று மணி நேரம் கிடந்தது. செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் அதிகாரி வந்துகொண்டிருக்கிறார். ஓடிப்போய் மாலையை எடுத்துத் தூண் ஓரத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் பார்க்கவில்லை.

எல்லாருமே கைக்கு எட்டும் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். அவரும் மேல் பெட்டியைத் திறந்தார். ஒரு தட்டு நாற்றை எடுத்தார், தாளில் தட்டினார். ஒரு கமாவின் வால் அளவுக்கு மஞ்சளாக ஏதோ விழுந்தது. பிறகு அது ஊர்ந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

“இலைப்பேன்,” என்றார். “உயிரோட இருக்கு.”

உலகத்தில் வேறு எந்த இடத்திலும் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய வாக்கியம் அது.

“எந்த ஊர்ப் பூச்சி மேடம்?”

“அது மொகத்துல எழுதியிருக்குமா? நோடி, பாருங்க, நமக்கு இல்லாத ஜாதியா இருந்தா, இங்க விட்டுட்டு நான் நிம்மதியா தூங்க முடியாது. லேபுக்கு அனுப்பணும்.”

“மருந்துப் புகை போட்டால்?”

“போடலாமே. பூச்சி சாகும். இந்தப் பிஞ்சுச் செடியும் கூடவே சாகும். வெளி ஜாதின்னு ரிப்போர்ட் வந்தா மொத்தமும் எரிக்கறதுதான்.” மூன்று பூச்சிகளையும் தூரிகையில் எடுத்துச் சின்னக் குப்பியில் விட்டு மூடினார். “அதுவரைக்கும் குளிர் அறையில இருக்கட்டும்.”

நாற்றுகள் பெட்டிக்குள் ஏறி ஏற்கெனவே ஐந்து நாள். இருட்டில், ஈரத்தில், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மூன்றாம் வகுப்புத் தாவரவியலுக்கே தெரியும்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்தவரிடம் வந்து சொன்னேன். மாலையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“எத்தினி பூச்சி?”

“மூன்று.”

“மூணு பூச்சிக்கு நாலாயிரம் செடியா?” பிறகு கேட்டார்: “எரிக்கறது எங்க வெச்சு சார்? நான் பாக்கலாமா?”

அந்தக் கேள்வியோடுதான் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் சாம்பாருக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி, “இந்தக் கத்தையில ஒரே பேன்,” என்று முறத்தில் தட்டிக் காட்டினாள். முறத்தில் மஞ்சளாகச் சில கமா வால்கள் ஓடின. செவ்வந்தியில் இலைப்பேன் இருக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான். ஈரம் சொட்டும் செவ்வந்தி மாலையை ஓட்டை போட்ட பெட்டியின் மேல் மூன்று மணி நேரம் வைத்தவனும் நான்.

மறுநாள் காலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சரக்குக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சி பெரும்பாலும் மாலையிலிருந்து போயிருக்கும், அதை எழுதிக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், உள்ளூர்ப் பூச்சி என்று தெரிந்தால் செடியை விட்டுவிடலாம், சரக்குக்காரர் என்ற முறையில் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“சாமி மாலையில பூச்சின்னு எழுதச் சொல்றீங்களா?”

“எல்லாப் பூவிலும் இருக்கும் அண்ணா.”

“இருக்கும். தெரியும். தோட்டக்காரன்தான் நானும் இப்போ. ஆனா அம்மன் மேலேர்ந்து எறக்கின மாலை. அதால கெட்டுதுன்னு கவர்மெண்டுக்குக் கையெழுத்துப் போட்டு, அப்பறம் அந்தச் செடிய நான் இன்னா மொகத்தோட நடுவேன்? வேற எதுனா எழுதுங்க. பூச்சி பறந்து வந்துச்சுன்னு எழுதுங்க.”

“லேபில் கேட்பார்கள், எங்கிருந்து பறந்து வந்தது என்று.”

“அப்போ எரியட்டும் சார்.”

சொல்லிவிட்டாரே தவிர, எழுந்து போகாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கல் சரிந்த கதைகளை எல்லாம் அதற்கு முன் சிரித்துக்கொண்டே சொன்ன மனிதர்.

நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுக்கவில்லை. கம்பெனி லெட்டர்ஹெட்டை எடுத்தேன். வாழ்நாளெல்லாம் எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் நான் ஒட்டிய ஸ்டாம்பிலேயே திரும்பி வந்த கை அது. ‘மேற்படி சரக்கின் மீது, ஆய்வுக்கு முன்பாக, கம்பெனிப் பிரதிநிதியான நான், என் அறியாமையால், அலங்காரத்துக்காக உள்ளூர்ச் செவ்வந்திப் பூவை வைத்தேன். சரக்குக்காரருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை’ என்று எழுதினேன். கோயில் வரவில்லை, அம்மன் வரவில்லை. நான் எழுதியதில் திரும்பி வராதது அது ஒன்றுதான்.

தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிப்பதை அவர் நின்று பார்ப்பார், பக்கத்தில் நானும் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அதிகாரி இரண்டு முறை படித்தார்.

“ஏன்ரீ, அலங்காரமா? ஜெர்பரா நாத்துக்கு நீங்க எதுக்கு அலங்காரம் பண்ணீங்க?”

“ரசனை மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “ஆய்வுக்கு முன்னாடி சரக்கைத் தொட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் இத மேல அனுப்பியே ஆகணும். உங்க பாஸ் போயிடும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“அந்த ரசனை இப்ப எங்க இருக்கு?”

குப்பைத்தொட்டியில் இருந்தது. பெருக்குகிற அம்மாள் முந்தின நாளிலிருந்து விடுமுறையில். ஒரு அரசு நிறுவனத்தின் சோம்பல் எனக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். டீ கப்புகளுக்கும் பேக்கிங் டேப்புக்கும் கீழே கையை விட்டு மாலையை எடுத்தேன். வாடியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. அவர் அதை வெள்ளைத் தாளில் தட்டினார். தாள் முழுவதும் மஞ்சள் வால்கள் ஓடின. பத்துக்கு மேல் எண்ணுவதை அவர் நிறுத்திவிட்டார். இரண்டாவது குப்பி லேபுக்குப் போனது. கூடவே, யாரும் கேட்காமலே, மீதிப் பெட்டிகளிலிருந்தும் தட்டு தட்டாக எடுத்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை தட்டிப் பார்த்தார். வேறு எதுவும் அசையவில்லை.

லேபிலிருந்து பதில் வர மேலும் மூன்று நாள் ஆயிற்று. இரண்டு குப்பியிலும் இருப்பது ஒரே இனம், இந்த ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாகத் திரிவது. அதிகாரி விடுவிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதே பகலில் என் பாஸை வாங்கிக்கொண்டார்கள். முதலாளி போனில் சொன்னார்: “உன் டிபார்ட்மெண்ட்ல பதினோரு வருஷத்துல ஒண்ணு அசைஞ்சுது. அதுவும் ஒரு பூச்சி.”

கேட்டுக்கு வெளியே டெம்போவில் பெட்டிகளை ஏற்றும்போது சரக்குக்காரர் ஒன்றைத் திறந்தார். பல நாற்றுகளின் குருத்து கறுத்திருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் நுனியை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். சுரங்கத்தின் கூரைப் பாறையைத் தட்டி, நிற்குமா விழுமா என்று கேட்பவர் போலக் காதைச் சாய்த்துக்கொண்டு. கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. அதிகாரி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் டெம்போவில் ஏறும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பஸ்லயா போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் ஆபீஸில், ஜன்னல் இல்லாத பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டேன். எப்போது கூப்பிட்டாலும் இருப்பேன் என்பது சரக்குக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலை பத்து மணிக்கு ஆனேக்கல்லில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவார். விசாரிப்பு எதுவும் இருக்காது, அன்று செத்த நாற்றின் கணக்கு மட்டும்.

“இன்னிக்கு அறுபது சார்.”

“ம்.”

“நேத்து எண்பது.”

“ம்.”

பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. எனக்கு அந்த எண்களைக் கேட்கச் சோர்வாக இருக்கும், கேட்காமல் இருக்கவும் முடியாது. பத்து மணி ஆனால் எந்த வேலையிலும் கை ஓடாது. ஒரு மாதம் தாண்டி ஒரு திங்கட்கிழமை, பூத்துக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, அவர் குரல் வந்தது.

“இன்னிக்கு ஒண்ணும் சாகல சார்.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு போன் அடிக்கவில்லை.